பலகை கழுவிய தண்ணீர்

சோமாலியாவின் உள்நாட்டில் ஒரு மேய்ச்சல் குடியிருப்பு. இரண்டு வருஷம் அங்கே மழை இல்லை. பிறகு ஒரே வாரத்தில் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கொட்டியது. வறட்சியில் செத்துக் கிடந்த ஆடுகளையும் ஒட்டகங்களையும் வெள்ளம் இழுத்துவந்து குளத்தில் தள்ளியது. அடுத்த வாரம் வாந்தியும் பேதியும் வந்தன.

ஷேக் ரோப்லே அங்கே குர்ஆன் ஓதிக்கொடுப்பவர். அவருடைய சீடன் குலேத், குருவைவிட இரண்டு வயது மூத்தவன். ஒட்டகங்கள் எல்லாம் போனபிறகு ஓத வந்தவன். "மேய்க்க ஒண்ணும் மிச்சமில்ல, இனி என்னை யாராவது மேய்க்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தான். வயதானவன் படித்த பாடம் ஆயிற்றே, ஓர் எழுத்தைக்கூட மறக்கமாட்டான்.

அவன் மகள் ஹோதனுக்கு ஆறு வயது. மூன்று நாளாகப் படுத்துக் கிடந்தாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிக்காக மரப்பலகையில் குர்ஆன் வசனம் எழுதுவார்கள். அந்த மையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, கழுவிய தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். ஹோதனுக்காக ஷேக் எழுதிக் கொடுத்தார். குலேத் கழுவிக் கொடுத்தான். காலையும் மாலையும் தவறவில்லை.

நாலாம் நாள், விடியல் தொழுகை முடிந்ததும் பலகையோடு வந்து நின்றான்.

"ஷேக், வேற வசனம் எழுதுங்க. இதைவிடப் பலமானதா."

"பிள்ளை எப்படி இருக்கா?"

"கண்ணு உள்ள போயிடுச்சு. அழறா, கண்ணீர் வரல. எனக்குப் பயமா இருக்கு."

ஷேக் பலகையை வாங்கவில்லை. குலேத்தின் நெற்றியைப் பார்த்தார். அதில் மண் ஒட்டியிருந்தது.

"தொழுகைக்கு எதுல ஒளு செஞ்ச?"

தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவதுதான் ஒளு. அதற்குத் தகுந்த தண்ணீர் கிடைக்காதவர்கள் சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்திலும் கையிலும் தடவிக்கொள்ளலாம்.

"மண்ணுலதான்."

"குளம் பக்கத்துலதானே இருக்கு?"

இது என்ன கேள்வி என்பதுபோல் குலேத் பார்த்தான்.

"அதுல ஒட்டகம் செத்து மிதக்குது, ஷேக். தண்ணி நிறம் மாறி நாத்தம் எடுக்குது. ஒளுவுக்கு ஆகாது. பாடம் எடுத்ததே நீங்கதான்."

"நேத்து?"

"நேத்தும் மண்ணுதான். வெள்ளம் வந்த நாள்லேருந்து மண்ணுதான்."

"கால் கழுவக்கூட அதைத் தொடலையா?"

"தொடல." சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"பலகையை எந்தத் தண்ணியில கழுவின?"

குலேத் குளத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பலகை கையிலிருந்து நழுவியது. அது தரையில் படுவதற்குள் ஷேக் பிடித்துக்கொண்டார்.

"எழுதிக் கொடுத்தவன் நான்" என்றார் ஷேக். "எந்தத் தண்ணின்னு நானும் கேக்கல. பிள்ளையைத் தூக்கு."

லாரி போகும் சாலையில் நிவாரணக் கூடாரம் ஒன்று போட்டிருந்தார்கள். ஒரு மணி நேர நடை. அங்கே சுத்தமான தண்ணீர்த் தொட்டி இருந்தது, உபஹ் என்ற நர்ஸ் இருந்தாள். குலேத் மகளை முதுகில் சுமந்து நடந்தான். வழியில் இரண்டு தடவை நின்று, அவள் மூச்சு கழுத்தில் படுகிறதா என்று பார்த்தான்.

உபஹ் உப்புச் சர்க்கரைப் பொடியைத் தண்ணீரில் கரைத்தாள். ஸ்பூனை அவன் கையில் கொடுத்தாள்.

"ஒரு ஸ்பூன். நிதானமா அடுத்த ஸ்பூன். வாந்தி எடுத்தா கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும். நிறுத்தாதீங்க."

பிறகு ஷேக்கிடம் திரும்பினாள். அவளுக்குக் கோபம். அதை மறைக்கவும் இல்லை.

"நான் வந்து அஞ்சு நாளாச்சு. உங்க ஜனங்க யாரும் இந்தப் பக்கமே வரல. நீங்க எழுதிக் கொடுக்கறதை நிறுத்துங்க, ஷேக்."

"நிறுத்தினா அடுத்த ஊர்ல போய் எழுதி வாங்குவாங்க. கழுவறது அதே குளத்துலதான்."

"அப்ப என்னதான் செய்யறது?"

"உன் தொட்டித் தண்ணியை எனக்குக் கொடு. அதுல கழுவினாதான் எழுதுவேன்னு சொல்லிடறேன்."

உபஹ் கூடாரத்தின் பின்பக்கம் போய், காலி கேன்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள். கோபம் பாதிதான் குறைந்திருந்தது.

ஹோதன் முதல் எட்டு ஸ்பூனைக் கக்கினாள். ஒன்பதாவது உள்ளே தங்கியது. குலேத் எதுவும் ஓதவில்லை. எண்ணிக்கை தவறிவிடும் என்று பயந்தான்.

நடுப்பகல் தாண்டிய பிறகு குழந்தை சிறுநீர் கழித்தாள். உபஹ் பாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிழைச்சுக்குவா" என்றாள். நாற்பது ஒட்டகம் செத்தபோது அழாத குலேத் நனைந்த பாயைப் பிடித்துக்கொண்டு அழுதான். யாரும் அவனைத் தேற்றப் போகவில்லை.

ஹோதன் தூங்கினாள். குலேத் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். ஷேக் தொட்டியடியில் குந்தி கேன்களை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"ஷேக், ஒரு சந்தேகம்."

"கேளு."

"எம் மகளைக் காப்பாத்தினது மருந்தா, வசனமா?"

ஷேக் ஒரு கேனின் மூடியைத் திருகினார். அடுத்ததைக் குழாயடியில் வைத்தார்.

"பதினேழு வீட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன், குலேத்" என்றார். "அந்தப் பக்கத்துக் கேனைத் தூக்கு."