கையசைக்கும் தீவுப் பெண்

"இந்தப் புத்தகத்தை எரிச்சிடவா, இல்ல திருத்தவா? அதை மட்டும் சொல்லுங்கம்மா."

தெய்வநாயகம் இப்படிக் கேட்டபோது லூர்தம்மாள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். கடற்பாசி எடுக்கப் போகிறவர்கள் அப்படித்தான் சுற்றிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் பாறை கையைக் கிழித்துவிடும்.

கேட்டவருக்கு வயது அறுபத்திரண்டு. பதில் சொல்ல வேண்டியவருக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது.

புத்தகத்தின் பெயர் 'தீவில் மூன்று நாள்'. எழுதியவர் தெய்வநாயகமேதான். அந்தத் தீவுக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் துண்டை மறந்தாலும் மறப்பார்கள், அந்தப் புத்தகத்தை மறக்க மாட்டார்கள். பன்னிரண்டு வருடத்தில் பதினோரு பதிப்பு, சும்மாவா? அத்தனை வருடத்தில் ஒருவர்கூட அவரிடம் குறை சொன்னதில்லை.

போன மாசியில்தான் அந்தக் கடிதம் வந்தது.

எழுதியவர் பெயர் வடிவாம்பாள். அவர் கணவர் எதையும் படித்துப் பார்த்துத்தான் செய்கிறவராம். பஸ்ஸில் வரும்போதே புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டாராம். கடலில் நடந்து போக ஒன்பது மணி என்று அதில் போட்டிருந்ததால் காலையில் மனைவியை அவசரப்படுத்திக் கூட்டிவந்திருக்கிறார். கரையில் வடிவாம்பாளுக்குச் செருப்பு வார் அறுந்துவிட்டது. நீங்கள் போய் வாருங்கள் என்று அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். கணவர் மட்டும் கடலில் இறங்கி, எதிரே இருந்த கொக்குத்திட்டு என்ற மணல்மேட்டுக்கு நடந்து போனார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் தண்ணீர் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"திட்டில் நின்று அவர் சிரித்துக்கொண்டே கையசைத்தது தெரிந்தது. எனக்குத்தான் என்று நானும் கையசைத்தேன்" என்று எழுதியிருந்தார் வடிவாம்பாள்.

கடைசியில் இப்படி முடித்திருந்தார்: "நீங்கள் பதில் எழுத வேண்டாம். அவரைக் கண்டெடுக்கும்வரை ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தார். பாசி எடுப்பவர், பெயர் லூர்தம்மாள். முடிந்தால் அவரைப் போய்ப் பாருங்கள்."

அதன்பிறகு தெய்வநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மனிதனைக் கொன்றுவிட்டோம் என்றே நினைத்தார். அப்படித்தான் வந்து சேர்ந்தார்.

லூர்தம்மாள் துணியைச் சுற்றி முடித்து முடிச்சைப் பல்லால் இறுக்கினார்.

"அந்தப் பக்கத்த வாசிங்க."

தெய்வநாயகம் வாசித்தார். "காலை ஒன்பது மணிக்கு முழங்கால் அளவு நீரில் நடந்தே கொக்குத்திட்டுக்குச் செல்லலாம். பதினொரு மணிக்குள் திரும்பினால் போதும்."

"ஒம்பதுன்னு யாரு சொன்னா?"

"நானே பார்த்தேன்."

"பதினொண்ணுன்னு?"

தெய்வநாயகம் புத்தகத்தைத் தாழ்த்தினார். அன்றைக்குப் பத்தரைக்குப் படகு இருந்தது என்றார். பாதி தூரம் நடந்து, நாலு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாராம். திட்டுக்குப் போகவே இல்லையாம்.

"ஒன்பதைப் பார்த்தேன். பதினொன்றை நானாகப் போட்டேன்."

இதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

லூர்தம்மாள் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

"பக்கத்துல மிச்சம் இருக்கே. அதையும் வாசிங்க."

மிச்சம் ஒன்றுமில்லை, ஒரு படம்தான் என்றார் அவர். கட்டைவிரல் அளவுப் படம். கடலில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் கையை உயர்த்தி நிற்கிறாள். தலையில் துணி கட்டியிருக்கிறாள், முகம் தெரியவில்லை. கீழே ஒரு வரி.

"'கையசைத்து வரவேற்கும் தீவுப் பெண்.' அவ்வளவுதான்மா."

லூர்தம்மாள் தலையை ஆட்டினார். வலைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு ஒம்பது மணிக்குத் திட்டுக்குப் போற வழியில எறங்கி நில்லுங்க. தெனமும் நில்லுங்க."

எத்தனை நாள் என்று அவர் கேட்பதற்குள் லூர்தம்மாள் கடலில் இறங்கிவிட்டார்.

தெய்வநாயகம் லாட்ஜில் அறை எடுத்தார். அவர் புத்தகத்தில் மூன்றாவதாகப் போட்டிருந்த லாட்ஜ் அது. 'ஜன்னலைத் திறந்தால் கடல்' என்று எழுதியிருந்தார். ஜன்னலைத் திறந்தார், கடல் இருந்தது. வேறு சமயமாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

முதல் நாள் ஒன்பது மணிக்குத் தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது.

இரண்டாம் நாளும் அப்படியே. தன் புத்தகம் சரிதானோ என்று ஒரு நிமிடம் மனசுக்குள் குதித்தார். உடனே வெட்கப்பட்டார்.

நான்காம் நாள் தொடைவரை வந்தது.

ஆறாம் நாள் இடுப்பு.

எட்டாம் நாள் நெஞ்சுவரை போய், கால் மணலைவிட்டு எழும்பியதும் பயந்து திரும்பினார். அன்று கரையில் உட்கார்ந்து அழுதார். யாரும் பார்க்கவில்லை. பள்ளி விடுமுறை இன்னும் தொடங்கவில்லை, திட்டுப் பக்கம் ஒருவரும் வருவதில்லை.

கடல் வற்றும் நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகிறது என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. தீவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு காலை அந்த மனிதர் அங்கே நின்றார். அந்த ஒரு காலையை வருடம் முழுவதற்கும் எழுதிவிட்டார்.

பத்தாம் நாள் ஒரு அட்டவணை போட்டுக்கொண்டு வந்தார். அமாவாசையிலிருந்து எத்தனையாவது நாள், எத்தனை மணிக்கு இறங்கலாம், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், எல்லாம் கட்டம் கட்டி எழுதியிருந்தார். முகத்தில் வெளிச்சம் இருந்தது. அடுத்த பதிப்பில் இதைப் போட்டுவிடலாம், இனி ஒரு உயிர் போகாது என்றார்.

லூர்தம்மாள் அட்டவணையைப் பொறுமையாகப் படித்தார். நன்றாக இருக்கிறது என்று மனசாரச் சொன்னார்.

"காத்து?"

தெய்வநாயகத்துக்குப் புரியவில்லை.

மறுநாள் புரிந்தது. தெற்கிலிருந்து காற்று பிடித்து அடித்தது. அட்டவணை சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னாலேயே கடல் ஏறிவிட்டது.

தெய்வநாயகம் அட்டவணையைக் கிழித்துப் பையில் போட்டார். லூர்தம்மாள் பாசியை மணலில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து புத்தகத்தையும் நீட்டினார்.

"எரிச்சிடுங்கம்மா. உங்க கையாலேயே எரிச்சிடுங்க."

லூர்தம்மாள் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பஸ் நேரம் சரியாக இருக்கிறது என்றார். எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எந்தப் பாறையில் வழுக்கும், எந்த மாதத்தில் ஜெல்லிமீன் வரும், எல்லாம் சரி. முன்பெல்லாம் வருகிறவர்கள் படகுத் துறையில் முழித்துக்கொண்டு நிற்பார்களாம். இப்போது நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறார்களாம். ஒரு வெளிநாட்டுக்காரர் இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வைத்தியர் வீட்டைக் கண்டுபிடித்து, குளவி கொட்டியதற்கு மருந்து வாங்கிப் போனாராம்.

"இதப் போயி எரிப்பாங்களா?"

"அப்போ இந்தப் பக்கத்தை என்ன செய்யறது?"

லூர்தம்மாள் புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தார். ஈரப் பாசியைப் புரட்டிப் போடக் குனிந்துவிட்டார்.

பதில் வரவில்லையே என்று தெய்வநாயகத்துக்குக் கோபம் வந்தது. படித்தவர் இல்லையா, கோபம் சீக்கிரம் வரும். ஊருக்குப் போய்விடலாம் என்று பெட்டியைக்கூடக் கட்டினார். ஆனாலும் ஒன்பது மணி ஆனால் கால் தானாகத் திட்டுப் பக்கம் போனது.

பதினைந்தாம் நாள் தண்ணீர் மறுபடி முழங்காலுக்கு வந்திருந்தது.

அன்று ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, ஆறேழு வயதில் ஒரு பெண்பிள்ளை. கணவன் கையில் 'தீவில் மூன்று நாள்'.

தெய்வநாயகம் அதைப் பார்த்துவிட்டார். ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். பதினொரு மணி வரைக்கும் இருக்காதீர்கள், பத்துக்கெல்லாம் திரும்பிவிடுங்கள் என்றார். தம் அட்டவணைப்படி பத்தரை. காற்றுக்காக அரைமணி குறைத்துத்தான் சொன்னார்.

கணவன் மரியாதையாகச் சிரித்தான்.

"புக்ல பதினொண்ணுன்னு போட்டிருக்கே சார். எழுதினவருக்குத் தெரியாதா?"

எழுதியவன் நான்தான் என்று சொல்ல வாய் எடுத்தார்.  வெட்கம் விடவில்லை.

சரி, பத்துக்கே வந்துவிடுகிறோம் என்று அவன் மனைவி சமாதானமாகச் சொன்னாள். மூன்று பேரும் நடந்து போனார்கள். திட்டில் பிள்ளை சங்கு பொறுக்கத் தொடங்கியது கரையிலிருந்தே தெரிந்தது.

தெய்வநாயகம் நகரவில்லை. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பது இருபது. ஒன்பதரை. இன்னும் அரைமணி இருக்கிறது.

திட்டுக்கு அந்தப் பக்கம் லூர்தம்மாள் பாசி எடுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கினார். உள்ளங்கையைக் கரைப் பக்கம் திருப்பி, மணிக்கட்டை இரண்டு முறை மடக்கினார்.

கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். அன்றும் தெற்குக் காற்று எதிராக அடித்தது, அத்தனை தூரத்தில் குரல் எங்கே கேட்கும்? பாசி எடுக்கிறவர்கள் கடலில் கையால்தான் பேசிக்கொள்வார்கள்.

திட்டில் பிள்ளை அதைப் பார்த்தது. குதித்துக் குதித்துப் பதிலுக்குக் கையசைத்தது.

தாயும் கையசைத்தாள்.

கணவன் புத்தகத்தைப் பார்த்தான், லூர்தம்மாளைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்துப் படம் பிடித்தான்.

தெய்வநாயகம் கடிகாரத்தை விட்டு நிமிர்ந்தார்.

அந்தக் கை. தலைக்கு மேலே தூக்கிய, மணிக்கட்டு மடங்கிய அதே கை. பதினோரு பதிப்பில் அவர் அச்சடித்த கை.

செருப்பைக்கூடக் கழற்றாமல் கடலில் இறங்கினார். தண்ணீர் அதற்குள் தொடைக்கு வந்துவிட்டது. நடுவில் நீரோட்டம் காலைத் தள்ளியது. விழுந்து எழுந்து, உப்புத் தண்ணீரைக் குடித்து, கத்திக்கொண்டே போனார்.

"அது வரவேற்பு இல்ல. திரும்பிப் போகச் சொல்றாங்க. தண்ணி ஏறுது."

கணவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டான். தெய்வநாயகம் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பும்போது நடுவில் அவளுக்கு மார்பளவு தண்ணீர். ஒரு இடத்தில் அவள் கால் பிசகியது, அவர் கையை விடவில்லை.

கரை ஏறியபோது மணி பத்துகூட ஆகவில்லை.

அந்தப் பெண் பிள்ளையைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். கணவன் மணலில் மண்டியிட்டு மூச்சு வாங்கினான். உங்களுக்கு எப்படி சார் தெரியும் என்று கேட்டான்.

"அந்தப் புத்தகத்தை எழுதினது நான்தான். எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க அதோ நிக்கிறாங்க."

அவர்கள் போன பிறகு லூர்தம்மாள் வேறு வழியாகக் கரை ஏறி வந்தார். வலைப்பையை இறக்கிவைத்தார். விரல் துணியை அவிழ்க்கத் தொடங்கினார்.

தெய்வநாயகம் நனைந்த சட்டையோடு அவர் முன்னால் உட்கார்ந்தார். கணவன் மணலில் விட்டுப்போன புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பிரித்தார். ஒன்பது மணியை அவர் இப்போது பார்க்கவில்லை. படத்தில் விரலை வைத்தார்.

"இது நீங்கதானே?"

"ஆமா."

"அன்னைக்கு என்ன சொன்னீங்க?"

"தண்ணி ஏறுது, போகாதீங்கன்னேன். மூணு தடவ காட்டினேன்."

"நான்?"

"நீங்களும் மூணு தடவ கையசைச்சீங்க."

தெய்வநாயகம் பேனாவை எடுத்தார். படத்துக்குக் கீழே இருந்த வரியை அடித்தார். எழுத்து தெரியாதபடி திரும்பத் திரும்ப அடித்தார், தாள் கிழிந்தது. பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"வடிவாம்பாள் வீட்டுக்காரருக்கும் காட்டினீங்களா?"

லூர்தம்மாள் கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்து மணலில் போட்டார்.

"காட்டினேன் ஐயா. அவரு புத்தகத்தப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. சிரிச்சுக்கிட்டே கையசைச்சாரு."