ஈரக் கால் சோதனை

இரண்டு காடுகளுக்கு நடுவே ஓர் ஆறு ஓடியது. அக்கரைச் சரக்கெல்லாம் ஆற்றில் இறங்கி நடந்துதான் இக்கரைக்கு வரும். ஒருமுறை அப்படி வந்த விஷக் கிழங்கைத் தின்று பல உயிர்கள் போயின. உடனே இக்கரை ராஜாவான யானை ஒரு சட்டம் போட்டது.

“ஈரக் காலோடு வருகிறவரின் சரக்கை மாலை வரை கரையில் வைத்துச் சோதிக்க வேண்டும்!”

காவலுக்குக் கீரி நின்றது. யார் வந்தாலும் முதலில் காலைத்தான் தொட்டுப் பார்க்கும். அதில் அதற்கு அப்படி ஒரு பெருமை!

பிறகு வௌவால்கள் அக்கரைப் பழங்களைப் பறந்தே கொண்டுவந்து விற்க ஆரம்பித்தன. கீரி அவற்றின் கால்களைத் தடவிப் பார்த்தது.

“ஈரமே இல்லையே! போங்க, போங்க!”

“ஐயா, பழத்தை மோந்து பார்க்க வேண்டாமா?” என்று கேட்டது, பக்கத்தில் மேய்ந்த மான்.

“பறக்கிறவங்களைப் பத்திச் சட்டத்தில் பேச்சே இல்லையம்மா!”

மறுநாள் அந்தப் பழங்களில் ஒன்றைத் தின்ற அந்த மானின் குட்டி, நுரை தள்ளிக் கீழே விழுந்தது. ஐயோ, பெற்றவள் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! தாய்மான் ஆற்றைக் கடந்து ஓடியது. அக்கரைக் கரடி வைத்தியரிடம் விஷமுறிவு வேர் வாங்கிக்கொண்டு பறந்தடித்துத் திரும்பியது.

கீரி வழிமறித்தது. “நில்லு! கால் ஈரமா இருக்கு. வேரைக் கீழே வை. மாலையில் வந்து வாங்கிக்கோ.”

“அதுவரைக்கும் என் பிள்ளை தாங்காதுங்க!” என்று மான் கதறியது.

“நான் என்னம்மா செய்ய? சட்டம்!”

அந்த நேரத்திலேயே தலைக்கு மேலே வௌவால்கள் அதே விஷப் பழங்களோடு போயின. கீரி அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

மான் சட்டென்று சுடுமணலில் கால்களைத் தேய்த்தது. “இப்போ பாருங்க!”

கீரி தொட்டுப் பார்த்தது. “காய்ஞ்சிருக்கு. சரி, போகலாம்!”

“அடப்பாவி!” என்று ஆற்றோரம் நின்ற முயல் அலறியது. “இவ்வளவுதானா உன் காவல்? இதை நம்பியா நாங்க பிள்ளைகுட்டியோட தூங்கினோம்?”

வேரைத் தின்ற குட்டி மயிரிழையில் பிழைத்தது. செய்தி கேட்ட யானை ஆடிப்போய்விட்டது.

“விஷத்தைத் தடுக்கச் சொன்னால் ஈரத்தைத் தடுத்திருக்கிறாயே!”

“நீங்க சட்டம் போட்டப்போ யாரும் பறக்கலையே, ராஜா!”

யானை தலை குனிந்தது. வௌவால்கள் வந்த அன்றே சட்டத்தைத் திருத்தியிருக்க வேண்டியது ராஜாவான அதன் பொறுப்பு அல்லவா? உடனே எல்லோரையும் கூட்டியது. “நடந்து வந்தாலும் பறந்து வந்தாலும் சரக்கை உடனே சோதிக்க வேண்டும். மருந்தை ஒரு நொடியும் நிறுத்தக் கூடாது!” என்று அறிவித்தது.

சரக்கு வரும் வழி மாறும்போது சட்டமும் மாறாவிட்டால், அது விஷத்தை உள்ளே விட்டு மருந்தைத்தான் தடுக்கும்.