நான்கு கட்டங்கள்

அந்த இல்லத்தில் குருவுக்கு முப்பத்தொன்பது வயது, சிஷ்யைக்கு நாற்பத்தாறு. குரு சிஷ்யையை அக்கா என்பார். சிஷ்யை குருவைச் சாமி என்பாள். வெளியாட்கள் முதல் தடவை கேட்டால் சிரிப்பார்கள். பெரும்பாலானவர்கள் இரண்டாம் தடவை வருவதில்லை. முதல் தடவையே சாமி அவர்கள் கையில் ஒரு துண்டைக் கொடுத்து வேலை வாங்கிவிடுவார்.

ஊருக்கு வெளியே, மூடிப்போன அரிசி ஆலையில் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் ஒன்பது கட்டில்கள். கேட்பாரற்ற ஒன்பது பேர். எழுந்து நடக்கிறவர் ஒருவருமில்லை. சாமி காவிதான் கட்டுவார், ஆனால் அவரிடம் விபூதி வாசத்தைவிட டெட்டால் வாசம்தான் தூக்கலாக இருக்கும். துறவுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஏன் விட்டார் என்று யாரும் கேட்டதில்லை.

சிஷ்யை சந்தனமாரி டவுன் ஆஸ்பத்திரியில் இருபத்துமூன்று வருடமாக நர்ஸ். மூன்று வருடங்களுக்கு முன், வார்டில் சொந்தக்காரர்கள் விட்டுவிட்டுப் போன ஒரு கிழவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். அவர் பெயர் சோணைமுத்து. அவரைப் பார்க்க அடுத்த ஞாயிறு வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். சாமியிடம் என்ன கற்றுக்கொள்கிறாய் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே காலைத் தேய்த்துத்தான் நடந்தாள். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு இரண்டு வருடமாகிறது. கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"நாலு மணி ஆகப்போகுது. துண்டை எடுத்துக்கங்கக்கா."

படுத்தே கிடப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடவேண்டும். தவறினால் ஒரே இடம் அழுந்தி அழுந்திப் படுக்கைப்புண் வந்துவிடும். எந்தப் பக்கமாகப் புரட்டினார்களோ அந்தப் பக்கத்துக் கட்டில் கம்பியில் ஒரு துண்டைத் தொங்கவிடுவது அங்கே வழக்கம். வாசலில் நின்று பார்த்தாலே யார் எந்தப் பக்கம் படுத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். கேள்வியோடு வருகிறவர்களும் இந்த வேலையை முடித்துவிட்டுத்தான் கேட்கவேண்டும் என்பது சாமி வைத்த விதி. பாதிப் பேருக்கு ஒன்பதாவது கட்டில் வருவதற்குள் கேள்வி மறந்துபோகும்.

சந்தனமாரிக்கு மறக்கவில்லை. எட்டுக் கட்டில் முடிந்ததும் விதியை மீறிக் கேட்டே விட்டாள்.

"நர்ஸிங் பள்ளிக்கூடத்துல எனக்கு டீச்சர் வேலை குடுத்திருக்காங்க சாமி. நாளைக்குள்ள பதில் சொல்லணும்."

"நல்லதுதானே."

"தெரியல. நீங்க பள்ளிக்கூடத்தை விட்டுட்டு நோயாளிங்ககிட்ட வந்தீங்க. நான் நோயாளிங்களை விட்டுட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகவான்னு கேக்குறேன். ரெண்டுல எதுக்குப் போறது நான்?"

"சோணைமுத்து ஐயா காத்துக்கிட்டு இருக்காரு."

ஒன்பதாவது கட்டில் அவருடையது. சந்தனமாரி குனிந்தாள். சாமி கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

"நான் இன்னைக்குத்தான் புதுசா சேந்த பிள்ளைன்னு வச்சுக்கங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லிக்குடுங்க."

சந்தனமாரிக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. இருந்தாலும் சொன்னாள்.

"முதல்ல அவர்கிட்ட சொல்லணும். ஐயா, இப்போ வலது பக்கமாப் புரட்டப்போறேன்னு. நினைவில்லாதவரா இருந்தாலும் சொல்லணும்."

"எதுக்கு?"

"சொல்லாமத் தொட்டா உடம்பு விறைச்சுக்கும். அப்புறம் முழங்காலை மடக்கி, தோள்ல ஒரு கை, இடுப்புல ஒரு கை வைக்கணும். இழுக்கக் கூடாது. இழுத்தா தோல் வழண்டுரும். உருட்டணும்."

உருட்டினாள். கிழவர் முனகாமல் புரண்டார்.

"அப்புறம்?"

"இவ்வளவு நேரம் அடியில இருந்த பக்கத்தைப் பாக்கணும். இடுப்பெலும்பு, கணுக்கால், குதிகால். சிவந்திருந்தா விரலால அமுக்கி எடுக்கணும். வெளுத்துட்டு மறுபடி சிவந்தா பயமில்ல. வெளுக்கலேன்னா..."

அவள் நிறுத்தினாள்.

"வெளுக்கலேன்னா?"

"உள்ளுக்குள்ள புண்ணு ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்."

சாமி துண்டை எடுத்து வலது கம்பியில் போட்டார்.

"ரொம்ப நல்லா சொல்லிக்குடுக்குறீங்க. இதுக்குத்தான் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்காங்க."

"இதுக்கில்ல சாமி."

சந்தனமாரி கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். அதற்குள் மடித்து வைத்த இன்னொரு தாள் இருந்தது. கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாள். நேரம், எந்தப் பக்கம், யார் கையெழுத்து. நோயாளியின் பெயர் இருந்த இடத்தைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள்.

"ஆஸ்பத்திரியில துண்டு கிடையாது. இதுதான். சார்ட்டு. நான் எழுதினது. பதினெட்டு நாள், என் ஷிப்டுல ஒரு கட்டம்கூடக் காலியில்லன்னு பெரிய சிஸ்டர் இதைத்தான் எடுத்து அனுப்பினாங்க. நேர்முகத்துல பிரின்சிபாலம்மா எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாங்க. நகல் எடுத்து எங்கிட்டயே குடுத்து, முதல் நாள் வகுப்புல பிள்ளைங்களுக்கு இதைக் காட்டுங்க, சார்ட்டுன்னா இப்படி இருக்கணும்னு சொன்னாங்க."

சாமி தாளை வாங்கிப் பார்த்தார். முத்து முத்தான எழுத்து.

"அழகா இருக்கு."

"அதுல நாலு கட்டம் பொய்."

சொல்லிவிட்டுச் சந்தனமாரி சோணைமுத்துவின் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதமாகத் தொண்டையில் வைத்திருந்தது. வெளியே வந்ததும் அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். அசதிதான் வந்தது.

"எந்த நாலு?" என்றார் சாமி.

அவள் விரல் தேடாமல் போய் நின்றது. ஒன்பதாம் நாள். மத்தியானம் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு.

"நாப்பத்திரெண்டு பேருக்கு நாங்க ரெண்டு பேரு. அன்னைக்கு ஒருத்தி வரல. ரெண்டேகாலுக்கு உக்காந்து ராத்திரி எட்டு மணிக் கட்டம் வரைக்கும் எல்லாத்தையும் முன்கூட்டியே எழுதிட்டேன். வலது, இடது, வலது, இடது. அப்புறமாப் போய்ப் புரட்டிக்கிருவோம்னுதான். எல்லாரும் செய்யிறதுதான் சாமி. கட்டம் நிறைஞ்சுட்டா வேலை முடிஞ்ச மாதிரி ஒரு நெனைப்பு வந்துரும். வந்துருச்சு. ஒம்பது மணிக்குத்தான் போய்ப் பாத்தேன். இடுப்பு செவசெவன்னு இருந்துச்சு. அமுக்கினேன்."

"வெளுக்கல."

"வெளுக்கல."

மூலைக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். சாமி போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"யாரு அவரு?"

"ஆண்டியப்பன்னு பேரு. பக்கவாதம். அவரு சம்சாரம் பஞ்சவர்ணம் அன்னைக்குப் பூராவும் பக்கத்துலயேதான் உக்காந்திருந்துச்சு. ரெண்டு தடவை எந்திரிச்சு வந்து கேட்டுச்சு. சிஸ்டர், இவரைப் புரட்டணுமா, எப்படிப் புரட்டணும்னு சொல்லுங்க, நானே செய்யிறேன்னு. நீ ஒண்ணும் பண்ணாதம்மா, நாங்க பாத்துக்கிருவோம்னு சொல்லிட்டேன். சொல்லிக்குடுக்க அஞ்சு நிமிஷம் ஆகும். அந்த அஞ்சு நிமிஷம் எங்கிட்ட இல்ல."

"இப்போ எப்படி இருக்காரு?"

"வீட்டுக்கு அனுப்பியாச்சு. புண்ணு இன்னும் ஆறல. அந்தம்மா புண்ணுக்குக் கட்டுத்துணி வாங்க மாசத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வரும். வந்தா வார்டுல என்னைத் தேடிக்கிட்டு வந்து கையைப் பிடிச்சுக்கும். நீங்க இல்லாட்டி இவரு பிழைச்சிருக்கமாட்டாரு தாயின்னு சொல்லும். போன தடவை தோட்டத்துல விளைஞ்சதுன்னு ஒரு பை கத்திரிக்கா குடுத்துட்டுப் போச்சு."

"சாப்பிட்டீங்களா?"

"வீட்டுல சமைச்சாங்க. என்னால வாயில வைக்க முடியல."

சாமி எழுந்து அலமாரியைத் திறந்தார். மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய கட்டுரை நோட்டை எடுத்துவந்தார். பிரவுன் அட்டை போட்டு, மேலே காளீஸ்வரி, ஒன்பதாம் வகுப்பு என்று எழுதியிருந்தது. ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினார்.

'மரம் வளர்ப்போம்' என்று தலைப்பு. நான்கு வரி மரத்தைப் பற்றி. ஐந்தாவது வரியிலிருந்து வேறு விஷயம். டீச்சர், எனக்கு மாப்பிள்ளை பாத்துட்டாங்க. தை மாசம் கல்யாணம். எனக்குப் படிக்கணும். நீங்க வந்து எங்க அப்பாகிட்ட சொல்லுங்க. நான் எழுதினேன்னு சொல்லாதீங்க. பிறகு மறுபடியும் மரம், மழை, நிழல்.

பக்கம் முழுக்க நீளமாக ஒரு சிவப்பு டிக். கீழே 'நன்று'. தேதி, கையெழுத்து.

சந்தனமாரி இரண்டு தடவை படித்தாள்.

"உங்க கையெழுத்தா?"

"என்னுதுதான். மறுநாள் கல்வி அதிகாரி வர்றாருன்னாங்க. நாப்பத்திமூணு நோட்டையும் ஒரே மூச்சுல திருத்திட்டேன். திருத்தாத நோட்டு ஒண்ணுகூட இல்லன்னு அவரு எழுதிட்டுப் போனாரு."

"அந்தப் பிள்ளை?"

"நோட்டைத் திருப்பிக் குடுத்தப்போ என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. என்னடி, போய் உக்காருன்னேன். தை மாசத்துக்கப்புறம் வரல. அடுத்த கட்டுரைக்கு வாங்கி வச்ச நோட்டு எங்கிட்டயே நின்னுருச்சு. வருசக் கடைசியில பீரோவைக் காலி பண்ணும்போதுதான் இதைப் படிச்சேன்."

"அதனாலதான் இங்க வந்துட்டீங்களா?"

"ஓடி வந்தேன்."

"வந்ததுல மனசு ஆறிச்சா சாமி?"

சாமி ஒன்பது கட்டில்களையும் ஒரு தடவை பார்த்தார். அவர் கண்ணுக்கடியிலும் கறுப்பு வளையம் இருந்தது. அதைச் சந்தனமாரி அன்றைக்குத்தான் கவனித்தாள்.

"பதினோரு வருசமா துண்டு மாத்திக்கிட்டு இருக்கேன் அக்கா. ஒரு வேளை தவறினதில்ல. காளீஸ்வரி ஊருக்கு இங்கிருந்து ஒண்ணரை மணி நேரம். இன்னும் போகல."

சோணைமுத்துவின் மூச்சு மட்டும் இழுத்து இழுத்துக் கேட்டது.

"அப்போ நான் டீச்சர் வேலைக்குப் போகல. வார்டுலயே கிடந்து கால் தேயட்டும். அதுதான் எனக்குச் சரி."

"அடுத்த மாசம் பஞ்சவர்ணம் வந்து கையைப் பிடிப்பாங்களே. அப்போ என்ன செய்வீங்க?"

சந்தனமாரி கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"சரி, டீச்சராவே போறேன். இந்த மாதிரி ஒரு பிள்ளையும் செய்யாத மாதிரி சொல்லிக்குடுக்குறேன்."

"முதல் நாள் இந்தத் தாளைக் காட்டச் சொல்லியிருக்காங்க. காட்டி என்ன சொல்லுவீங்க?"

சந்தனமாரி தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். முத்து முத்தான எழுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த எழுத்தை அவள் வெறுத்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். அவள் எழுந்தாள். கெண்டைக்கால் விண்ணென்று இழுத்தது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாமி, புளியங்குளத்துக்கு இங்கிருந்து பஸ் இருக்கா?"

"யாரு இருக்கா அங்க?"

"ஆண்டியப்பன் வீடு."

"அஞ்சேகாலுக்கு ஒண்ணு இருக்கு."

அவள் வாசல் வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

"அந்தம்மா செருப்பைக் கழத்தி அடிச்சாலும் வாங்கிக்கிருவேன். ஆனா சொல்லிட்டு வந்ததுக்கப்புறம் ஆஸ்பத்திரியும் இருக்குமா, பள்ளிக்கூடமும் இருக்குமான்னு தெரியல சாமி. எதுக்குப் போறதுன்னு கேக்க வந்தேன். ரெண்டும் போயிரும் போலிருக்கு. அங்க போய் நான் என்னவா நிக்கிறது?"

சாமி காளீஸ்வரியின் நோட்டைத் திருப்பி அலமாரியில் வைக்கவில்லை. தன் கட்டிலில், தலையணைக்கு மேலே வைத்தார். பிறகு சொன்னார்:

"அலமாரிக்கு அடித்தட்டுல புண்ணு கட்டுற பெட்டி இருக்கு, எடுத்துக்கங்க. கட்டி முடிச்சதும் எப்படிப் புரட்டணும்னு அந்தம்மாவுக்குச் சொல்லிக்குடுங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆகும்."