ஈர இலுப்பைப் பூ

"பழகப் பழகப் ப..." என்று குரங்குக் கூட்டத்தின் கிழத் தலைவன் அக்கரையிலிருந்து கத்தியது. மிச்சத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது.

காட்டின் நடுவே சத்தமே இல்லாத ஒரு மடு. அதன் மேல் பாலமாகக் கிடந்த மருத மரக் கிளை வழியாகக் குரங்குக் கூட்டம் அக்கரைக்குப் போனது. கடைசியாக வந்த செம்பட்டை என்ற கடுவன் குரங்கு கால் வைக்குமுன் கிளை முறிந்தது.

இக்கரையில் இலைகள் காய்ந்துகொண்டிருந்தன. தாண்டாவிட்டால் பட்டினி. தாண்டும்போது தவறினால் மடு.

"பழகப் பழகப் பலம் வரும்! அதைத்தான் தலைவர் சொல்லியிருப்பார்!" என்றது செம்பட்டை.

செம்பட்டை மடுவின் அகலத்துக்கு மணலில் இரண்டு கோடு கிழித்துக் குதித்துப் பழகியது. முதலில் தூரம் கூடியது. பிறகு நின்றுவிட்டது. எத்தனை தடவை குதித்தாலும் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால், அதே தடத்தில்தான் கால் விழுந்தது.

"அதே இடந்தான், மாப்பிள்ளே!" என்றது நீருக்குள்ளிருந்து ஒரு குரல்.

"யாரு மாமா அது?"

"உன் நல்லதுக்குச் சொல்றவன். களைச்சுப் போயிருப்பே, பூவைத் தின்னு! நாளைக்கும் இப்படியே குதி!"

கரையோரம் இலுப்பைப் பூ குவிந்திருந்தது. தினமும் இருந்தது. செம்பட்டைக்குத் தொப்பை விழுந்தது.

ஒருநாள் பூ புளித்தது. துப்பியதும் சொல் நாக்கில் வந்து நின்றது.

"ஐயோ! பலம் இல்லை, பால்! பழகப் பழகப் பாலும் புளிக்கும்!"

அப்போதுதான் கவனித்தது. பூவெல்லாம் ஈரம். இக்கரையில் இலுப்பை மரமே கிடையாது.

மடுவைப் பார்த்தது. அக்கரைக்கு ஒரு முழம் முன்னால், தன் கால் விழக்கூடிய அதே இடத்தில், ஒரு பாறை மிதந்தது. பாறை கண்ணைத் திறந்தது. முதலை!

அன்றிலிருந்து செம்பட்டை பூவைத் தொடவில்லை. வெட்டுக்கிளியும் ஈசலும் பிடித்துத் தின்றது. கிழங்கு தோண்டியது. ஒரு கல்லை மார்போடு அணைத்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. அந்தக் கல் லேசாகத் தோன்றியதும் பெரிய கல்லை எடுத்தது. தொடை வலித்த நாளில் ஓய்ந்து கிடந்தது.

"என்ன மாப்பிள்ளே, கோவமா? பூ வீணாப் போகுதே!"

"நீயே தின்னு மாமா!"

ஒரு காலையில் மணல் தடம் கோட்டைத் தாண்டி விழுந்தது. செம்பட்டை திரும்பி ஓடிவந்து மடுவின் மேல் பாய்ந்தது. கீழே பழைய இடத்தில் முதலையின் வாய் திறந்து, வெறுங்காற்றைக் கடித்து மூடியது.

அக்கரையில் கூட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தது. எல்லாருக்கும் தொப்பை. நடுவே ஈர இலுப்பைப் பூக் குவியல். தலைவனைக் காணவில்லை.

"வாடா செம்பட்டை! உட்காரு! மாமா தினமும் கொண்டுவந்து வைக்கிறாரு!"

பழகிப்போன தீனியும் பழகிப்போன பயிற்சியும் உடம்பை ஒரே இடத்தில் நிறுத்திவிடும். இரண்டையும் மாற்றுகிறவனே தாண்டுவான்.

செம்பட்டை பூவைத் தொடாமல், தூக்குவதற்கு ஒரு கல்லைத் தேடிப் போயிற்று.