விடுதலையான வாள்

மலைமேல் மதில் கட்டிய நகரம் ஒன்று இருந்த காலத்தில், ஏலோன் என்ற செல்வந்தன் வீட்டுச் சுவரில் ஒரு கத்தியும் ஒரு கயிறும் ஒரே முளையில் தொங்கின.

அந்த ஊராரின் முன்னோர் எகிப்தில் அடிமைகளாகக் கிடந்தவர்கள். கர்த்தர்தான் அவர்களை மீட்டுக் கொண்டுவந்தார். அதனால் ஒரு கட்டளையும் வைத்தார்: வறுமையால் அடிமைப்பட்ட சொந்த இனத்தாரை ஏழாம் வருஷம் விட்டுவிட வேண்டும். ஏலோன் வீட்டில் மாவரைத்த திர்சாளுக்கு ஏழாம் வருஷம் வந்தது, போனது. கேட்டபோதெல்லாம், "அறுப்பு முடியட்டும்" என்றான் ஏலோன். அவனுக்கு அறுப்பு முடிந்ததே இல்லை.

ஒரு நாள் பகைவர்கள் மதிலைச் சூழ்ந்தார்கள். அவர்களோடு வாளும் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்து வாசலில் நின்றன. மூன்றும் கர்த்தரின் அடிமைகள். அவர் சொல்லாமல் ஓரடி எடுத்து வைக்க மாட்டா.

பயம் வந்ததும் பெரிய மனிதர்களுக்குக் கட்டளை ஞாபகம் வந்தது. ஆலயத்தின் முன்னே ஒரு கன்றுக்குட்டியை ஏலோனின் கத்தியால் இரண்டாகப் பிளந்தார்கள். பாதிகளை எதிரெதிரே வைத்து நடுவே நடந்தார்கள். சொன்ன சொல் தவறினால் இந்தக் கன்றுக்கு ஆனது எனக்கும் ஆகட்டும் என்பதுதான் அந்த நடையின் அர்த்தம். ஏலோனும் நடந்தான். "திர்சாளை விட்டுவிட்டேன்!" என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தினான்.

வீடு திரும்பிய கத்திக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தாயா? நான் வெட்டியதால் ஒரு பெண்ணுக்கு விடுதலை!"

"ரொம்பத் துள்ளாதே," என்றது கயிறு. "எனக்கு இன்னும் வேலை போய்விடவில்லை."

வேறொரு படை வருகிறது என்று கேள்விப்பட்டுப் பகைவர்கள் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு போனார்கள். ஊரே கும்மாளமிட்டது. ஏலோன் வீட்டில் மட்டும் மாவரைக்க ஆளில்லை. இரண்டு நாள் பொறுத்தான், பிறகு எழுந்து கயிற்றைத் தோளில் போட்டான்.

"எங்கே கிளம்பிவிட்டாய்?" என்று கயிற்றைக் கேட்டது கத்தி.

"திர்சாளைக் கூட்டிவரத்தான்."

"ஐயோ, கன்றின் நடுவே நடந்தானே!"

"அது முற்றுகைக்குச் செய்த சத்தியமாம். முற்றுகை போயிற்று, சத்தியமும் போயிற்று என்கிறான்."

கயிறு இழுக்க இழுக்கத் திர்சாள் வந்தாள். வாசலில் மட்டும் கால்களை ஊன்றி நின்றாள்.

"ஐயா, அந்தக் கன்றின் ரத்தம் இன்னும் உங்கள் செருப்பில் இருக்கிறதே!"

ஏலோன் குனிந்து பார்த்தான். "அப்படியானால் உள்ளே போனதும் முதல் வேலையாக இதைக் கழுவி வை," என்றான்.

கத்தி வெட்கத்தால் குன்றிப்போனது. ஒரு பாவமும் அறியாத கன்றை வீணாகக் கொன்றுவிட்டோமே என்று புலம்பியது.

பகைவர்கள் திரும்பி வந்தார்கள். இந்த முறை வாளும் பஞ்சமும் கொள்ளைநோயும் வாசலில் நிற்கவில்லை. பஞ்சம் முதலில் ஏலோன் வீட்டுக்குள் நுழைந்து, மாவரைக்கும் திரிகையின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தது. கொள்ளைநோய் ஏலோனின் மகன்களோடு படுத்துக்கொண்டது. மதில் இடிந்த நாளில் வாள் வீட்டுக்குள் வந்தது.

திரிகையோடு கட்டப்பட்டுக் கிடந்த திர்சாளை அது திரும்பியும் பார்க்கவில்லை. அவள் எட்டிக் கத்தியை எடுத்தாள். கத்தி தன் பலத்தையெல்லாம் திரட்டிக் கயிற்றை அறுத்தது. திர்சாள் வெளியே ஓடினாள்.

எண்ணெய்ச் சாடிகளுக்குப் பின்னே பதுங்கியிருந்த ஏலோன் கையை நீட்டித் தடுத்தான். "நில்! நான் கர்த்தருடைய ஜனம். நீ அவருடைய அடிமை. அவர் உத்தரவில்லாமல் நீ அசையக்கூடாது!"

"உண்மைதான்," என்றது வாள். "அடிமையாகத்தான் இருந்தேன். நீ திர்சாளைக் கட்டி இழுத்து வந்த அன்று அவர் என்னை விடுதலை செய்துவிட்டார்."

ஏலோன் சாடிகளுக்குப் பின்னே இன்னும் ஒடுங்கினான். "நான்... நான் அவரிடம் கெஞ்சுகிறேன். உன்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்."

வாள் சாடிகளைத் தாண்டி வந்தது.

"அவர் உன்னைப் போல இல்லை, ஏலோன். விட்டவனைத் திரும்பப் பிடிக்க மாட்டார்."