வறுத்ததை விதைத்தவள்

செடியும் மனுஷியும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலை மண்ணுக்கு மேலேதான் காய்த்தது. அவரைக்காய் மாதிரி கிளையில் தொங்கும். காற்றடித்தால் உள்ளே பருப்பு உருளும் சத்தம் கேட்கும். வேண்டியவர்கள் செடியிடம் கேட்டுப் பறித்துக்கொள்வார்கள்.

அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. மூன்று காய் பறித்தால் ஒரு காயை, பறித்த கையாலேயே, பச்சையாக அந்தச் செடியின் காலடியில் விதைத்துவிட வேண்டும். கடலைச் செடிக்கு ஆயுசு ஒரு வெள்ளாமைதான். காய்த்து முடித்தால் இலை பழுத்துக் காய்ந்துபோகும். அதற்குள் பிள்ளைகள் மண்ணுக்குள் முளைவிடும் சத்தத்தைக் கேட்டுவிட்டால் நிம்மதியாகச் சாகும். கேட்காமல் எந்தக் கடலைச் செடியும் அதுவரை செத்ததில்லை.

கடலோரத்து ஊர் ஒன்றில் மங்காயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் படகில் சரக்கு ஏற்றிப் போகிறவன். தூரத்துத் துறைமுகத்தில் ஒரு சீனத்து வியாபாரியிடம் கடலை அப்பம் சுடக் கற்றுக்கொண்டு வந்தான். கரையில் இருக்கும் நாட்களில் மகள் செவந்திக்குத் தன் கையாலேயே சுட்டுக் கொடுப்பான். அப்பம் தட்டு மாதிரி அகலமாக இருக்கும். மேலே வறுத்த கடலையும் சர்க்கரையும் தூவி, திறந்தபடியே உள்ளங்கையில் ஏந்தித் தின்பார்கள்.

மழை பொய்த்த ஒரு வருஷம், போன படகு திரும்பவில்லை. செவந்திக்கு அப்போது ஏழு வயது. அவள் அழவில்லை. சாப்பிடுவதைத்தான் நிறுத்திவிட்டாள். கஞ்சி வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. பத்தாம் நாள் சாயங்காலம் பாயில் படுத்தபடி, "அப்பாவோட அப்பம் இருக்கா?" என்று கேட்டாள்.

மங்காயி எழுந்து அடுப்படிக்கு ஓடினாள். உடனே அரிசி மாவில் தேங்காய்ப்பாலும் கொஞ்சம் கள்ளும் ஊற்றிக் கரைத்துப் புளிக்க வைத்தாள். விடிந்ததும் கொல்லைக்குப் போனாள். அந்த வறட்சியில் ஊர் உலகத்திலேயே ஒரே ஒரு கடலைச் செடிதான் மிஞ்சியிருந்தது. அது அவள் கொல்லையில் இருந்தது.

"அக்கா, பொண்ணு அப்பம் கேக்குறா" என்றாள் மங்காயி.

"நீ கெஞ்சுறது பத்து நாளா எனக்கும் கேக்குது, தங்கச்சி. முப்பது காய் இருக்கு. எல்லாத்தையும் எடுத்துக்கோ. பத்தைத் திருப்பிக் குடுத்துடு. எனக்கும் இலை பழுத்தாச்சு."

"குடுக்காம இருப்பேனா அக்கா?"

"சத்தியமெல்லாம் வேண்டாம். நீயும் பெத்தவதானே."

முருங்கை மரத்திலிருந்து அணில் தலையை நீட்டியது. "எனக்கு ஒண்ணு?"

"போன வருஷம் என்கூட விதைச்சதுல பாதி உன் வயித்துக்குத்தான் போச்சு" என்றது செடி.

"நானும் விதைக்கத்தான் புதைக்கிறேன். எங்கே புதைச்சேன்னு மறந்துபோகுது. அப்புறம் பசிக்கும்போது ஞாபகம் வந்துடுது."

முப்பது காயையும் மங்காயி பறித்தாள். பத்தை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். இருபதை உரித்து, வறுத்து, தோல் ஊதி, அம்மியில் ஒன்றிரண்டாக நுணுக்கினாள். வழித்துப் பார்த்தால் ஒரு கைப்பிடி இருந்தது. அதை உள்ளங்கையில் அள்ளி எடை பார்த்தாள். இது போதுமா? அவர் எப்படித் தூவுவார், மேடாக அல்லவா தூவுவார்? கடலை குறைந்திருக்கிறது, இது அப்பா அப்பம் இல்லை என்று சொல்லிவிட்டால்? மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டால்? நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு வாயைத் திறக்கவே தெம்பு இருக்காதே.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பத்தையும் உரித்து வாணலியில் போட்டாள்.

அவை சிவந்துகொண்டிருக்கும்போதே பக்கத்து அடுப்பில் இரும்புச் சட்டியை ஏற்றி மாவை ஊற்றினாள். குமிழி வந்து வெடித்து, அப்பம் முழுக்கக் கண் கண்ணாகத் திறந்தது. சர்க்கரையைத் தூவி, நுணுக்கிய கைப்பிடியைத் தூவினாள். அப்பம் முழுவதும் மூடியது. ஓரத்தில் சிந்தவும் செய்தது. அதுவே போதுமாக இருந்தது.

மங்காயி வாணலியைப் பார்த்தாள். பத்துக் காயின் பருப்பும் நன்றாக வறுபட்டு, வாசனையாகக் கிடந்தது. வறுத்ததைப் பச்சையாக்க எந்த அடுப்பும் இல்லை.

அப்போதாவது செடியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் அந்தப் பருப்பை அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். செடியின் காலடியில் குழி பறித்து ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"என்ன, கை சுடுதே?" என்றது செடி.

"அடுப்படியிலேருந்து வர்றேன்க்கா."

"மெதுவாப் போடு. அப்பம் ஆச்சா? கொண்டு வந்து காட்டு. இருபது பேரும் எப்படிப் போய்ச் சேந்தாங்கன்னு ஒரு தடவை பாத்துக்கிறேன்."

மங்காயி உள்ளே வந்து அப்பத்தைப் பார்த்தாள். அதில் கிடந்த ஒவ்வொரு துணுக்கும் தன்னையே பார்ப்பது போல இருந்தது. இதை எப்படிக் கொண்டுபோய்க் காட்டுவது? கரண்டியால் அப்பத்தை நடுவில் நெம்பி, ஒரு பாதியை மறுபாதியின் மேல் மடித்து மூடினாள். கடலை எல்லாம் உள்ளே போய்விட்டது. வாசல்படியில் நின்று தூரத்திலிருந்தே காட்டினாள்.

"மூடியிருக்கே?"

"ஆறிடும்னு மூடினேன்க்கா."

செவந்தி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா இப்படி மடிக்க மாட்டாரு."

"சாப்பிடு கண்ணு."

அவள் ஒரு ஓரத்தைக் கடித்தாள். மென்றாள். மறுபடி கடித்தாள். மங்காயி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் செவந்தி கஞ்சி குடித்தாள். நாலாம் நாள் எழுந்து நடந்தாள். அந்த ஒவ்வொரு நாளும் காலையில் செடி கூப்பிடும்.

"தங்கச்சி, மண்ணு காய்ஞ்சு கிடக்கு போல. ஒரு சத்தமும் கேக்கலை. கொஞ்சம் தண்ணி ஊத்தேன்."

மங்காயி அரை மைல் நடந்து ஊற்று தோண்டிக் குடத்தில் கொண்டுவந்து, வறுத்த விதைக்கு ஊற்றினாள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பதினோரு நாள் ஊற்றினாள். செடியின் அடி இலைகள் உதிர்ந்தன. உச்சியில் பருவம் தவறி ஒரே ஒரு மஞ்சள் பூ பூத்தது. செடி தலையைச் சாய்த்துச் சாய்த்து மண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னைக்குக் கேட்டுடும்" என்று அது சொல்லும்போதெல்லாம் மங்காயி குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

பன்னிரண்டாம் நாள் அணில் இறங்கி வந்து மண்ணைப் பறித்தது. ஒன்றை எடுத்துக் கடித்தது.

"அட, நல்ல பக்குவமா வறுத்திருக்கே" என்றது அணில். "ஊறிப்போனாலும் ருசி போகலை. இதை ஏன் மண்ணுல போட்டே, மங்காயி?"

 அணில் ஒருத்தரை மாற்றி ஒருத்தரைப் பார்த்துவிட்டு, வாயில் இருந்ததை மெல்ல முடியாமல் கீழே போட்டது.

"அக்கா, போதாதுன்னு பயந்துட்டேன்" என்றாள் மங்காயி. "என் பிள்ளை செத்துப்போயிடும்னு பயந்துட்டேன்."

"அந்தப் பத்தையும் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்றது செடி. "உன் பிள்ளைக்குத்தானே. அழுதுட்டுக் குடுத்திருப்பேன். நீ அவங்களை மண்ணுல போட்டு, தண்ணியும் ஊத்தி, என்னைக் காத்திருக்க வெச்சியே, தங்கச்சி."

அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு.

மறுநாள் காலையில் அந்த மஞ்சள் பூ வாடியிருந்தது. அதன் அடியிலிருந்து ஊசி மாதிரி ஒரு காம்பு கிளம்பிக் கீழ் நோக்கி வளர்ந்தது. நாளுக்கு நாள் நீண்டு, விதை போட்ட இடத்திலேயே மண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. உள்ளே போய்த் தன் பிள்ளைகளைத் தேடியது. மங்காயி பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டாள். தண்ணீரை மட்டும் நிறுத்தவில்லை. 

நாற்பது நாள் கழித்துச் செடி முழுக்கக் காய்ந்தது. செவந்திதான் அதைப் பிடித்து இழுத்தாள். அடியில், மண் அப்பியபடி ஒரு காய் வந்தது. உள்ளே இரண்டு பருப்பு. மங்காயி அதைக் காதில் வைத்துக் கேட்டாள். பேச்சு இல்லை.

"அம்மா, இதுல அப்பம் சுடலாமா?"

"இதுல இல்லை கண்ணு" என்று சொல்லி, அந்த இரண்டையும் பச்சையாக மண்ணில் வைத்து மூடினாள்.

அதிலிருந்து வந்தவைதான் இப்போது இருக்கிற கடலை எல்லாம். அன்று முதல்தான் கடலைப் பூ வாடியதும் குனிந்து மண்ணுக்குள் போய்த் தேடுகிறது. அப்பம் சுடுகிறவள் கடலையைத் தூவியதும் மடித்து மூடிவிடுகிறாள். நாம் எவ்வளவு கூப்பிட்டாலும் எந்தச் செடியும் திரும்பிப் பேசுவதில்லை.