வழுக்குப் பாறைச் சபை

ஒரு காட்டில் சபை ஒன்று இருந்தது, குழந்தைகளே. சபை இருந்தது, வருவதற்குத்தான் ஆள் இல்லை!

ஏன் என்று கேளுங்கள். குளத்தின் ஓரத்தில் பாசி படர்ந்த ஒரு பாறை. யார் கருத்துச் சொல்ல வந்தாலும் அதன் மேல் ஏறி, ஒற்றைக் காலில் ஆடாமல் அசையாமல் நின்றுதான் சொல்ல வேண்டும். இந்த முறையை வகுத்தது மந்திரி நெட்டைக்கால் கொக்கு. வேறு யாருக்கு இப்படித் தோன்றும்!

பன்றி ஏறிப் பார்த்தது, தொப்பென்று விழுந்தது. மான் ஏறியது, முட்டி பெயர்ந்தது. அப்புறம் ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கொக்குகளே பேசின, கொக்குகளே தலையாட்டின. "யாருக்கும் குறை இல்லை போலும்" என்று சிங்கராஜா செம்பிடரி நிம்மதியாகக் கொட்டாவி விட்டார்.

ஒரு நாள் நெட்டைக்கால், "ராஜா, குளத்திலிருந்து ஓடை புறப்படும் வாயை அடைத்துவிடலாம். தண்ணீர் பெருகும், மீனும் பெருகும். பொழுது சாய்வதற்குள் மறுப்பு வராவிட்டால் வேலையைத் தொடங்குகிறோம்" என்றது.

கரையோர வளையில் இருந்த பஞ்சுவால் முயல் இதைக் கேட்டுத் துள்ளி எழுந்தது. குளம் பெருகினால் முதல் தண்ணீர் அதன் வளைக்குள்தான் வரும். உள்ளே கண்கூடத் திறக்காத குட்டிகள்!

ஓடி வந்து பாறையில் ஏறியது. மூன்று கால்களைத் தூக்கப் பார்த்தது. வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. மறுபடி ஏறியது; மறுபடி தொப்!

"ஐயோ, ராஜா, என் குட்டிகள்..."

"உஷ்! முறைப்படி நின்று சொல்" என்று கொக்கு அதட்டியது.

முயலுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது.

"சரி, மந்திரியாரே. கடைசியில் ராஜா 'ஆகட்டும்' என்பார் அல்லவா? அதுவும் கருத்துதானே? அவரும் நின்றுதானே சொல்ல வேண்டும்?"

கொக்கு அவசரமாகக் குறுக்கே வந்தது. "ராஜாவுக்கு எதற்கு அந்தச் சிரமம்..."

"ஏன், எனக்கு நிற்கத் தெரியாதா?" என்று செம்பிடரி ஒரே தாவலில் பாறை மேல் ஏறினார். மூன்று கால்களைத் தூக்கினார்.

"ஆகட்..." வரைதான் வந்தது. தடால்! பாதிக் குளம் கரைக்கு வந்துவிட்டது.

சத்தம் கேட்டுக் காடே ஓடி வந்தது. தலையில் அல்லிக்கொடியோடு எழுந்த ராஜா முதலில் எல்லாரையும் முறைத்தார். பிறகு தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துக் கடகடவென்று சிரித்துவிட்டார்.

"அட, இதனால்தான் ஒருவரும் வரவில்லையா! எல்லாரும் சுகமாக இருக்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன்! இனிப் பாறையே வேண்டாம். ஓடையை அடைக்கலாம் என்பவர்கள் நாவல் மரத்தடிக்குப் போங்கள். கூடாது என்பவர்கள் புளிய மரத்தடிக்குப் போங்கள். அவ்வளவுதான்!"

"ஒற்றைக் காலில் நிற்க வேண்டாமா, ராஜா?" என்று பன்றி சந்தேகத்தோடு கேட்டது.

"நில், உட்கார், புரள். உன் இஷ்டம்!"

அப்புறம் பார்க்க வேண்டுமே! முள்ளம்பன்றி இடிக்க, குரங்கு கத்த, புளிய மரத்தடியில் கால் வைக்க இடமில்லை. நாவல் மரத்தடியில் கொக்குக் கூட்டம் மட்டும். ஓடையை அடைக்கும் பேச்சு அன்றோடு போயிற்று. பஞ்சுவால் சந்தோஷத்தில் யானையின் முதுகு வரை துள்ளியது.

"முடிந்துவிட்டதே, கலையலாமா?" என்று நெட்டைக்கால் முணுமுணுத்தது.

"பொறு. நத்தை வந்துகொண்டிருக்கிறது" என்றார் ராஜா.

எல்லாரும் ஆடிப் பாடிக் காத்திருந்தார்கள். நெட்டைக்காலும் காத்திருந்தது, கால் வலி தாங்காமல், இரண்டு கால்களையும் ஊன்றிக்கொண்டு.

நீதி: எல்லாரும் பேச வேண்டுமென்றால், எல்லாராலும் வர முடிகிற வழியை வைக்க வேண்டும்.